தனிக்கட்டைகளுக்கு பீர் கிடையாது

தெஞ்சா கடையில் அவகாடோ வாங்கப் போனால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "இன்னைக்கா, நாளைக்கா?" என்று கேட்பார். வியாழக்கிழமை என்று சொன்னால், கூடை முழுக்கத் தடவிப் பார்த்து வியாழக்கிழமைப் பழத்தை எடுத்துக் கொடுப்பார். அது வியாழக்கிழமைதான் பழுக்கும். புதன்கிழமையே ஆசைப்பட்டு வெட்டியவர்கள் கத்தியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

முழுப்பெயர் ஓர்த்தென்சியா பார்ரகான். மல்பெரி தெருவில் அந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு அவர் தோன்யா தெஞ்சா, அதாவது தெஞ்சாம்மா. வயது ஐம்பத்து மூன்று. பத்தொன்பது வயதில் எல்லைக்குத் தெற்கே மிச்சோவகானிலிருந்து பீச் பழம் பறிக்க வந்தவர். பிறகு பழம் அடுக்கும் ஷெட்டில் பதினெட்டு வருடம், பழம் ஓடும் பெல்ட்டின் முன்னால் நின்றார். அந்த இரைச்சலில் பேசிப் பழகியதால் அவருக்கு மெதுவாகப் பேச வராது. அவர் ரகசியம் சொன்னால் எதிர்வீட்டு நாய் எழுந்து உட்காரும்.

மூன்று வருடத்துக்கு முன் தெருமுனைக் கடையை அவர் எடுத்தபோது அதற்கு நல்ல பெயர் இல்லை. முன்பு நடத்தியவர் பீர் விற்றார். பீர் மட்டும்தான் விற்றார் என்றே சொல்லலாம். வாங்கியவர்கள் கடை வாசலிலேயே நின்று குடித்தார்கள். காலி கேன்களைப் பின்வீட்டுத் தோட்டத்தில் எறிந்தார்கள். ஒருவர் காரைப் பின்னால் எடுக்கிறேன் என்று அந்த வீட்டு வேலியையே எடுத்துவிட்டார். கடைசியில் லைசென்ஸ் ரத்தானது. அவர் போகும்போது மூன்று கதவு வைத்த பெரிய கண்ணாடி ஃப்ரிட்ஜை விட்டுப் போனார். தோன்யா தெஞ்சா அதில் பாலாடைக்கட்டியும் செம்பருத்திப்பூ சர்பத்தும் வைத்தார். கடைசித் தட்டில், ஜூலை மாதத்தில், தன் செருப்பையும் வைத்தார். எங்கள் பள்ளத்தாக்கின் ஜூலை வெயிலைப் பார்த்தவர்கள் இதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டார்கள்.

அந்தப் பின்வீடு தோன்யா தோமித்திலாவுடையது. இருவரும் ஷெட்டில் ஒரே பெல்ட்டில் பதினோரு வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்கள். தோமித்திலாவின் இரண்டாவது மகனுக்கு ஞானஸ்நானத் தாய் தெஞ்சாதான். அதனால் ஒருவரை ஒருவர் "கொமாத்ரே" என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். பெற்றவளும் ஞானத்தாயும் பிள்ளையைப் பங்கு போட்டுக்கொண்ட உறவு அது. சகோதரிகளுக்குள்கூட அவ்வளவு உரிமை இருக்காது.

கடையை எடுத்த அன்று தோமித்திலா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கொமாத்ரே, நீயும் பீர் விப்பியா?"

"என் கையால விக்க மாட்டேன். சத்தியமா."

இரண்டு வருடம் அந்தச் சத்தியம் நின்றது. திங்கள் முதல் வெள்ளிவரை கடை நன்றாகவே ஓடியது. சனிக்கிழமைதான் கழுத்தறுத்தது. சனிக்கிழமை எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கொல்லையில் அடுப்பு மூட்டி இறைச்சி சுடுவோம். ஆண்கள் பீர் வாங்க நெடுஞ்சாலை பெட்ரோல் பங்கை ஒட்டிய கடைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போவார்கள். போனவர்கள் கரியையும் இறைச்சியையும் அதை மடித்துத் தின்னும் சோள ரொட்டியான தொர்த்தியாவையும்கூட அங்கேயே வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். பங்க் தொர்த்தியா! அட்டையைச் சுட்டுத் தின்பது மாதிரி இருக்கும். தோன்யா தெஞ்சா ஆரஞ்சுச் சாற்றிலும் பூண்டிலும் ஊறவைத்த இறைச்சி, வாங்க ஆளில்லாமல் தட்டிலேயே கிடக்கும்.

போன வருடக் குளிர்காலத்தில் கட்டடச் சொந்தக்காரர் வந்து சொல்லிவிட்டார். அக்டோபரில் குத்தகை முடிகிறது. பீர் இல்லாத கடையால் வாடகை கட்ட முடியாது என்பது அவர் கணக்கு. அதற்குள் பீர் லைசென்ஸ் வந்தால் கடை தோன்யா தெஞ்சாவுக்கு. வராவிட்டால் புகைக்குழல் விற்கும் ஒருவருக்கு. பிப்ரவரியில் தோன்யா தெஞ்சா நகராட்சியில் மனு கொடுத்தார்.

மனு கொடுத்த அன்றே தோமித்திலா பேச்சை நிறுத்தினார். ஆனால் வாங்குவதை நிறுத்த முடியவில்லை. மல்பெரி தெருவில் வேறு எங்கே நல்ல தொர்த்தியா கிடைக்கும்? எனவே வரிசையில் யார் நின்றாலும் அவர்கள் வழியாகப் பேசினார்.

"அந்தக் கடைக்கார அம்மாகிட்ட சொல்லு. ரெண்டு டஜன் வேணும்."

தோன்யா தெஞ்சா மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருப்பார். "அந்த வாடிக்கையாளர் அம்மாகிட்ட சொல்லு. சூடா இருக்கு, மூடி வெச்சா வேர்த்துடும்னு."

"எனக்குத் தெரியும்னு சொல்லு."

"தெரிஞ்சா சரின்னு சொல்லு."

நடுவில் நிற்பவர்கள் எதையும் சொல்ல வேண்டியிருக்காது. தலையை மட்டும் இப்படியும் அப்படியும் திருப்பினால் போதும். நானும் பலமுறை திருப்பியிருக்கிறேன்.

தோமித்திலா வீடுவீடாகப் போய் எதிர்ப்புக் கையெழுத்து வாங்கினார். நாற்பத்தொன்று சேர்ந்தது. அதைப் பார்த்த நகராட்சி, மிஸ் லிண்ட்குவிஸ்ட் என்ற இளம் அதிகாரியை அனுப்பியது. அவர் டேப்பும் நோட்டுமாக வந்து, தெருவில் யாருக்கு என்ன பயம் என்று பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். ஒருவருக்கு விளக்கு வெளிச்சம், ஒருவருக்குக் குப்பை, ஒருவருக்கு நேரம், ஒருவருக்கு வாசலில் கூட்டம். மே மாதம் அவை பதினேழு நிபந்தனைகளாகத் திரும்பி வந்தன. இந்தப் பதினேழுக்கும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால்தான் மனு விசாரணைக்கே போகும். கூடவே, ஐந்நூறு அடிக்குள் இருக்கும் எல்லா வீட்டுக்கும் அந்தப் பட்டியலைத் தபாலில் அனுப்ப வேண்டும்.

"இங்கிலீஷ்ல அனுப்பினா போதும் மேடம்," என்றார் மிஸ் லிண்ட்குவிஸ்ட்.

"உங்களுக்குப் போதும்மா. என் தெருவுல அதை அடுப்பு பத்தவெக்கத்தான் எடுப்பாங்க," என்றார் தோன்யா தெஞ்சா.

அதனால் அவரே ஸ்பானிஷில் எழுத உட்கார்ந்தார். குடியுரிமை வகுப்பில் கொடுத்த சின்னச் சிவப்பு அகராதி ஒன்று அவரிடம் இருந்தது. மூன்று நாள் மத்தியான நேரம் முழுக்கக் கல்லாவில் குனிந்து எழுதினார். யாராவது வந்தால், "எடுத்துக்கிட்டு காசை வெச்சுட்டுப் போ, நான் ஒம்பதாவதுல இருக்கேன்," என்பார்.

சிக்கல் நான்காவதில். ஆங்கிலத்தில் அது மிகச் சின்ன வாக்கியம். சிங்கிள் விற்பனை அனுமதிக்கப்படாது. பீர் வியாபாரத்தில் சிங்கிள் என்றால் கட்டிலிருந்து பிரித்து ஒற்றையாக விற்கும் கேன். மலிவு, பெரிய கேன், வாங்கிய இடத்திலேயே குடித்து எறிய வசதி. பின்வீட்டு ரோஜாச் செடிகளுக்குள் விழுந்ததெல்லாம் இந்த சிங்கிள்தான். ஆனால் பீர் விற்றே அறியாத தோன்யா தெஞ்சாவுக்கு அது தெரியாது. அவர் அகராதியைப் புரட்டினார். சிங்கிள்: சொல்தேரோ. அதாவது கல்யாணம் ஆகாதவர், தனிக்கட்டை.

அவர் கொஞ்ச நேரம் யோசித்திருக்கிறார். தனியாக வந்து, தனியாக நின்று, தனியாகக் குடிப்பவர்களால்தான் தொல்லை என்று மிஸ் லிண்ட்குவிஸ்ட் சொன்னது நினைவுக்கு வந்தது. சரியாகத்தான் பொருந்தியது. வீட்டில் பெண்டாட்டி இருப்பவன் கடை வாசலில் ஏன் நிற்கப் போகிறான் என்று அவரும் ஒத்துக்கொண்டார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. கடிதத்தில் இப்படி எழுதினார்:

"நான்கு. தனிக்கட்டைகளுக்கு விற்பனை அனுமதிக்கப்படாது. (மனைவியை இழந்தவர்களுக்கு விலக்கு தரும்படி நானே கேட்டுக்கொள்வேன். ஓ.பா.)"

நூற்று இருபத்தாறு வீடுகளுக்குக் கடிதம் போனது.

எங்கள் வீட்டில் அம்மா அதை அடுப்படியில் நின்றபடியே படித்துவிட்டு, அப்பாவிடம் கடிதத்தை நீட்டினார். "நாலாவதைப் படிங்க. அப்புறம் எனக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லுங்க." எனக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். ஆனாலும் நம்பினேன். எங்கள் நகராட்சி ஏற்கெனவே வேலி எவ்வளவு உயரம் இருக்கலாம், கோழி எத்தனை வளர்க்கலாம், சேவல் எத்தனை மணிக்குக் கூவலாம் என்பதற்கெல்லாம் விதி போட்டிருந்தது. தனிக்கட்டைகளுக்கு ஒரு விதி என்பது அங்கிருந்து அதிக தூரம் இல்லை.

மறுநாள் காலையில் கடையில் நிற்க இடமில்லை. முதலில் வந்தவர் தோன்யா ஓப்துலியா. அவருடைய மகன் ரிகோபெர்த்தோவுக்கு முப்பத்து நான்கு வயது, இன்னும் அம்மா சமையல்.

"பத்து வருஷமா நான் மெழுகுவர்த்தி ஏத்தி ஏத்தி ஆகாததை கவர்மென்ட் ஒரே லெட்டர்ல செஞ்சிடுச்சு," என்றார் அவர். "எங்க கையெழுத்துப் போடணும், சொல்லு. எதிர்ப்புல போட்டதை அடிச்சுட்டு ஆதரவுல போடறேன்."

அவருக்குப் பின்னால் தோன் எவாரிஸ்தோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஐம்பத்தெட்டு வயது. பாதாம் ஓடு உடைக்கும் ஆலையில் மெக்கானிக். தெருக்கோடி மஞ்சள் வீட்டில் வாடகை அறை எடுத்துத் தங்கியிருக்கும் கல்யாணமாகாத ஆண்களில் மூத்தவர்.

"தோன்யா தெஞ்சா, வாரத்துக்கு ஒரு பீர் குடிக்கறவன் நான். அதுக்காக இந்த வயசுல பொண்ணு பாக்கணுமா?"

"நான் என்ன பண்றது தோன் எவாரிஸ்தோ? சிட்டி போட்ட ரூல்."

"சிட்டிக்கு என்மேல என்ன கோவம்? வரி கட்டறேன். சேவல்கூட வளக்கலை."

"பொண்ணு பாக்கறதைவிட பங்குக்கு நடக்கறது சுலபம், பெரியவரே," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"கல்யாண சர்டிபிகேட்டை பர்சுல வெச்சுக்கிட்டுத் திரியணுமா?" என்று இன்னொரு குரல்.

"டைவர்ஸ் ஆனவங்க கதை என்ன?"

"டைவர்ஸ் ஆனவனுக்கு ரெண்டு பீர் குடுக்கணும்."

தோன்யா தெஞ்சா இரண்டு கையையும் தூக்கினார். "எல்லாத்தையும் செவ்வாய்க்கிழமை மீட்டிங்ல வந்து கேளுங்க. நானும் உங்களுக்காகக் கேக்கறேன். இப்போ யாருக்கு என்ன வேணும்? அவகாடோ இன்னைக்கா, நாளைக்கா?"

இப்படித்தான் மல்பெரி தெரு முழுவதும் கூட்டத்துக்குப் போக முடிவு செய்தது.

நகரத் திட்டக் குழுவின் விசாரணைக்கு வழக்கமாக நாலு பேர் வருவார்கள், அதில் ஒருவர் குளிர்சாதனத்துக்காக வருபவர். அன்று மாலை ஆறு மணிக்கு நாற்காலி போதாமல் சுவரோரமெல்லாம் ஆட்கள். இடதுபக்கம் கல்யாணமான பெண்கள், விசிறியோடு. வலதுபக்கம் தனிக்கட்டைகள், இஸ்திரி போட்ட சட்டையோடு. மஞ்சள் வீட்டில் ஒரே ஒரு இஸ்திரிப் பெட்டிதான் உண்டு என்பதால் அவர்கள் மத்தியானம் இரண்டு மணிக்கே தயாராக ஆரம்பித்திருந்தார்கள். முன்வரிசையில் தோமித்திலா, காலடியில் ஒரு பெரிய கறுப்புக் குப்பைப் பையுடன். மேடையில் ஐந்து உறுப்பினர்கள். தலைவர் அவெதீசியன், திராட்சைத் தோட்டக்காரர், கூட்டத்தைப் பார்த்துவிட்டு இது எதற்கு என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். யெசேனியா என்ற இளம்பெண் மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்தார்.

முதலில் எழுந்தவர் தோன் எவாரிஸ்தோ. மைக்கை அவர் ஒரு குழாய் மாதிரி பிடித்துக்கொண்டார்.

"ஐயா, நான் தனிக்கட்டை. அது என் தப்பு இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தி நாலுல ஒரு பொண்ணைக் கேட்டேன், அவ வேற ஒருத்தனைக் கட்டிக்கிட்டா. அதுக்கு அப்பவே தண்டனை அனுபவிச்சாச்சு. இப்போ சிட்டி வேற தனியா தண்டிக்கணுமா? கடை வரட்டும். கண்டிப்பா வரட்டும். நாலாவது நிபந்தனையை மட்டும் எடுத்துடுங்க."

வலதுபக்கம் கைதட்டியது. யெசேனியா முகத்தை ஒரே மாதிரி வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தார். தலைவர் தாளைப் புரட்டினார். திரும்பவும் புரட்டினார்.

"நாலாவது நிபந்தனைக்கும் இவர் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்?"

இடதுபக்கத்திலிருந்து தோன்யா ஓப்துலியா எழுந்தார். "அதை எடுக்கக் கூடாதுங்க. என் பையன் அங்கதான் உக்காந்திருக்கான். நீலச் சட்டை. நீங்களே பாத்துச் சொல்லுங்க, அவனுக்கு என்ன குறை?"

ரிகோபெர்த்தோ நாற்காலிக்குள் அமிழ்ந்தான். யெசேனியா அதையும் மொழிபெயர்த்தார், நீலச் சட்டையைப் பார்த்துக்கொண்டே.

மிஸ் லிண்ட்குவிஸ்ட் ஸ்பானிஷ் கடிதத்தை யெசேனியாவிடம் கொடுத்து நான்காவதைப் படிக்கச் சொன்னார். யெசேனியா மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார். மிஸ் லிண்ட்குவிஸ்ட் வாயைப் பொத்திக்கொண்டார். தலைவருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களுக்கும் புரியவில்லை.

அப்போதுதான் தோமித்திலா எழுந்தார். குப்பைப் பைக்குள் கைவிட்டு, நசுங்கிய ஒரு பெரிய பீர் கேனை எடுத்து மேலே தூக்கிக் காட்டினார்.

"சிங்கிள்னா இதுங்க," என்றார். "அந்தப் பழைய கடைக்காரன் கண்ணாடியில கொட்டை எழுத்துல எழுதி வெச்சிருப்பான். ஒம்பது வருஷம் என் ரோஜாச் செடிலேர்ந்து பொறுக்கினவ நான், எனக்குத் தெரியாதா? இது கல்யாணம் பண்ணிக்காது."

பிறகு சிரிப்பு வலதுபக்கத்தில் தொடங்கி இடதுபக்கம் போய் மேடைக்கு ஏறியது. தோன் எவாரிஸ்தோ தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர் தோன்யா தெஞ்சா. கழுத்துவரை சிவந்துபோய், கடிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொருவர் குழுவின் உறுப்பினர் மிஸஸ் டால்ட்டன். அவர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, அமைதியாகக் கேட்டார்.

"மிஸஸ் பார்ரகான், நீங்க இந்தப் பதினேழுக்கும் ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நாலாவதே புரியலைன்னா மிச்சம் பதினாறும் புரிஞ்சுதுன்னு நாங்க எப்படி நம்பறது?"

யெசேனியா அதை மொழிபெயர்த்தபோது அறையில் யாரும் சிரிக்கவில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் அனுமதி இல்லை. அக்டோபரில் கடையும் இல்லை. அது எல்லோருக்கும் தெரிந்தது.

தோன்யா தெஞ்சா கடிதத்தை மடித்து மேசைமேல் வைத்தார். மைக் அவருக்குத் தேவைப்படவில்லை.

"ஒண்ணு, கடைக்குள்ள குடிக்கக் கூடாது. ரெண்டு, காலையில எட்டுக்கு முன்னாடி கிடையாது, ராத்திரி ஒம்பதுக்கு மேல கிடையாது. எனக்கு எட்டரைக்கே தூக்கம் வந்துடும். மூணு, வயசு பாக்கணும். இந்தத் தெருவுல யாருக்கு எப்போ ஞானஸ்நானம் நடந்துச்சுன்னு எனக்குத் தெரியும், பொய் சொல்ல முடியாது. அஞ்சு, கேமரா. வாங்கிட்டேன், ஆனா மாட்ட வந்தவன் கோணலா மாட்டிட்டான், திரும்ப வரச் சொல்லியிருக்கேன். ஆறு, விளக்கு. வண்டி நிறுத்தற இடத்துல வெளிச்சம் விழணும், பக்கத்து வீட்டு ஜன்னல்ல விழக் கூடாது. மூணு தரம் திருப்பி வெச்சேன்."

இப்படியே போய் ஒன்பதுக்கு வந்தார். "ஒம்பது, கடையைச் சுத்தி நூறடிக்குக் குப்பை இருக்கக் கூடாது. டேப் வெச்சு அளந்தேன். நூறடின்னா என் கொமாத்ரே வீட்டு மூணாவது ரோஜாச் செடி. தினம் காலையில ஆறு மணிக்குக் கூட்டறேன்."

தலைவர் குறுக்கிட்டார். "உங்களுக்குத்தான் இன்னும் அனுமதியே குடுக்கலையே?"

"மனு குடுத்த நாள்லேர்ந்து கூட்டறேன் சார். கை சும்மா இருந்தா வலிக்குது."

பதினேழு வரை சொல்லி முடித்தார். பிறகு மிஸஸ் டால்ட்டனை நேராகப் பார்த்தார்.

"நாலாவது தப்பாப் புரிஞ்சுது. ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்கம்மா. தப்பாப் புரிஞ்சும் கையெழுத்துப் போட்டேனே. பாதித் தெருவுக்கு பீர் விக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்தேனே. நீங்க கேட்டதைவிட ஜாஸ்தியாத்தான் ஒத்துக்கிட்டேன்."

மிஸஸ் டால்ட்டன் பேனாவைக் கீழே வைத்தார். தலைவர் தோமித்திலாவிடம் திரும்பினார்.

"அம்மா, அந்தப் பையிலே இருக்கற கேன் எல்லாம் எப்போ பொறுக்கினது?"

"போன வருஷம். லைசென்ஸ் போனப்புறமும் பங்க்ல வாங்கிட்டு வந்து பழைய பழக்கத்துல அங்கதான் நிப்பானுங்க."

"இந்த வருஷம் பொறுக்கினது?"

தோமித்திலா பைக்குள் எட்டிப் பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"இந்த வருஷம் பை நெறையலை," என்றார். "காத்து அடிச்சுக்கிட்டுப் போகுதுன்னு நெனச்சேன்."

பிறகு அவர் மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக, நடுவில் யாரும் இல்லாமல், தோன்யா தெஞ்சாவிடம் பேசினார்.

"மூணாவது செடி வரைக்கும் கூட்டினியாக்கும். நாலாவது செடி என்ன பாவம் பண்ணுச்சு?"

"ரூல் நூறடிதான் கொமாத்ரே."

"செடி நாலு இருக்கு."

"சரி. நூத்தியெட்டு அடி."

"பீர் விக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணே."

"பண்ணேன். இப்போ மீறறேன். பாதிரியார்கிட்ட ஏற்கெனவே சொல்லிட்டேன், உன்கிட்ட சொல்லத்தான் பயம். கடையை மூடிட்டா நீ தொர்த்தியாவுக்கு எங்க போவே? பங்குக்கா?"

தோமித்திலாவின் உதடு ஒரு பக்கம் கோணியது. சிரிப்பை அடக்குகிறார் என்பது பின்வரிசைக்கே தெரிந்தது. அவர் மேடையைப் பார்த்துத் திரும்பினார்.

"நூத்தியெட்டுன்னு எழுதிக்கங்க. அப்புறம் பதினெட்டாவதா ஒண்ணு போடுங்க. சனிக்கிழமை சாயங்காலம் கல்லாவுல இவளே நிக்கணும். வேற யாரையும் நிக்க வெக்கக் கூடாது. இவ குரலைக் கேட்டா எந்தக் குடிகாரனும் வாசல்ல நிக்க மாட்டான்."

மிஸ் லிண்ட்குவிஸ்ட் எழுதிக்கொண்டார். நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் அனுமதி கிடைத்தது. எதிர்த்து வாக்களித்தவர் மிஸஸ் டால்ட்டன் அல்ல, கூட்டம் முழுவதும் வாய் திறக்காத ஒருவர். நாங்கள் எல்லோரும் வெளியே வந்தபோது ரிகோபெர்த்தோ மட்டும் உள்ளே இருந்தான். ஏதோ ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்க யெசேனியாவிடம் போயிருக்கிறான் என்று சொன்னார்கள்.

அந்த அனுமதியை வைத்து மாநில அரசின் லைசென்ஸ் செப்டம்பர் நடுவில் வந்தது. முதல் சனிக்கிழமை சாயங்காலம் தோன்யா தெஞ்சா தலைக்குச் சாயம் போட்டு, காதில் பெரிய வளையம் மாட்டி, பதினெட்டாவது நிபந்தனைப்படி கல்லாவில் நின்றார். தோன் எவாரிஸ்தோ வந்து கண்ணாடி ஃப்ரிட்ஜின் முன்னால் வெகுநேரம் நின்றார். உள்ளே எல்லாம் ஆறு கேன் கட்டு.

"எனக்கு ஒண்ணுதான் வேணும்."

"ஒண்ணு குடுக்க முடியாது தோன் எவாரிஸ்தோ. இப்போ நாலாவது நிபந்தனை எனக்கு நல்லாப் புரியும்."

"ஆறும் குடிச்சா நாளைக்கு எதுக்கும் ஆகமாட்டேன்."

"அப்போ இன்னும் அஞ்சு பேரைக் கூட்டிக்கிட்டு வாங்க."

அவர் அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். தோன் எவாரிஸ்தோ போய் உண்மையிலேயே ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மஞ்சள் வீட்டிலிருந்து நாலு பேர், ஐந்தாவது ரிகோபெர்த்தோ. ஆறு பெரிய ஆண்கள் ஒரே ஒரு கட்டுக்காகக் கல்லாவின் முன்னால் வரிசையாக நின்றார்கள்.

"வெறும் வயித்துலயா குடிக்கப் போறீங்க?" என்று கேட்டார் தோன்யா தெஞ்சா. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊறவைத்த இறைச்சி மூன்று கிலோ, வெங்காயம், எலுமிச்சை, நாலு டஜன் தொர்த்தியா, ஒரு பை கரி ஆகியவற்றோடு வெளியே போனார்கள். அன்று சாயங்காலம் மஞ்சள் வீட்டுக் கொல்லையில் முதன்முதலாகப் புகை எழுந்தது. பத்து வருடமாக அந்த வீட்டில் தனித்தனி அறையில் தனித்தனியாகச் சாப்பிட்டவர்கள் அங்கே குடியிருந்த ஐந்து பேரும்.

தோமித்திலா தெருக்கோடிவரை நடந்து, மஞ்சள் வீட்டு வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கத்தினார். "ஆறு கேன் போயிருக்கு. ஆறும் அந்த வீட்டுக் குப்பைத் தொட்டியில இருக்கணும். காலையில வந்து எண்ணுவேன்."

"வாங்க தோன்யா, வந்து ரெண்டு தாக்கோ சாப்பிட்டுட்டு எண்ணுங்க," என்றார் தோன் எவாரிஸ்தோ.

தோமித்திலா உள்ளே போனார். கல்லாவை விட்டு நகரக் கூடாது என்பதால் தோன்யா தெஞ்சாவுக்கு ஒரு தட்டு கடைக்கே வந்தது, தோமித்திலா கையால். "உப்பு கம்மி," என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் இது நடக்கிறது. இறைச்சித் தட்டு ஏழு மணிக்குள் காலியாகிவிடுகிறது. குத்தகை ஐந்து வருடத்துக்குக் கையெழுத்தாகிவிட்டது. ஆனால் நவம்பரில் தனிக்கட்டைகளுக்கு ஒரு நெருக்கடி வந்தது. ரிகோபெர்த்தோவுக்கும் யெசேனியாவுக்கும் நிச்சயம் ஆகிவிட்டது. தோன்யா ஓப்துலியா நகராட்சிக்கு ஒரு பெரிய கேக் அனுப்பினார், அது எதற்கென்று அங்கே மிஸ் லிண்ட்குவிஸ்டுக்கு மட்டும்தான் புரிந்தது. யெசேனியாவோடு சினிமாவுக்குப் போக வேண்டியிருப்பதால் இனி சனிக்கிழமை வர முடியாது என்று ரிகோபெர்த்தோ வருத்தத்தோடு அறிவித்தான். ஆறு கேனுக்கு ஐந்து பேர் ஆனார்கள். மிஞ்சும் ஒன்றை யார் குடிப்பது என்று முதல் வாரமே சண்டை வந்தது.

தோன் எவாரிஸ்தோ ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து கடைக் கண்ணாடியில் ஒட்ட அனுமதி கேட்டார். கண்ணாடியில் கால்பங்குக்கு மேல் எதையும் ஒட்டக் கூடாது என்பதும் ஒரு நிபந்தனை. தோன்யா தெஞ்சா அடிக்கோலை எடுத்துவந்து அளந்தார். இடம் போதவில்லை. சோடா கம்பெனிக்காரர் ஒட்டிவிட்டுப் போன பெரிய விளம்பரத்தைக் கிழித்துவிட்டு அந்த இடத்தைக் கொடுத்தார். தாளில் இப்படி இருந்தது:

"தனிக்கட்டை ஒருவர் தேவை. சனிக்கிழமை மாலை ஐந்து மணி. ஒன்றுக்குமேல் குடிப்பவர் வேண்டாம். மனைவியை இழந்தவர்களும் வரலாம்."

தோமித்திலா தொர்த்தியா வாங்க வந்தவர், பையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதை முழுதும் படித்தார்.

"இங்கிலீஷ்லயும் ஒண்ணு எழுதிப் போடுங்க," என்றார் தோன் எவாரிஸ்தோவிடம். பிறகு கல்லாப் பக்கம் கண்ணைக் காட்டினார். "ஆனா இவளை எழுத விடாதீங்க. நாளைக்கு யாராவது காலி கேனைத் தூக்கிக்கிட்டு பொண்ணு கேட்டு வந்து நிப்பான்."